லேபிளில் ‘பஞ்சன்ட்’ என்று போட்டது தவறா? சுவை, மணம் பற்றிய ஆங்கிலச் சொற்களில் உதவி தேவை

தொக்குச்சட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டிலேயே பூண்டுத் தொக்கு, மாங்காய்த் தொக்கு, பருப்புப் பொடி செய்து விற்கிறேன். இந்த முறை லேபிளை ஆங்கிலத்திலும் போடலாம் என்று நானே எழுதினேன். பூண்டுத் தொக்குக்கு ‘பஞ்சன்ட் டேஸ்ட், ஸ்பைசி ஃப்ளேவர்’ என்று போட்டேன். அகராதியில் காரம், கார்ப்பு இரண்டுக்கும் ‘பஞ்சன்ட்’ என்றுதான் இருந்தது.

லண்டனில் இருக்கும் என் நாத்தனார் ஒரு பாட்டிலைப் பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா லேபிளைப் படித்துவிட்டு, மூடியைத் திறக்காமலேயே, “இது ரொம்ப வாடை அடிக்குமோ?” என்று கேட்டாராம். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. எண்ணெய் பிரியும் வரை நின்று கிளறிய தொக்கு அது. ஒரு சொல்லால் மூடி திறக்கப்படாமல் போவதைத் தாங்க முடியவில்லை.

‘டேஸ்ட்’, ‘ஃப்ளேவர்’, ‘பஞ்சன்ட்’, ‘ஸ்பைசி’, ‘ஹாட்’, ‘டேங்கி’, ‘சேவரி’ இவையெல்லாம் எங்கே எது வரும்? விவரமாகச் சொன்னால் அடுத்த அச்சுக்கு முன் திருத்திவிடுவேன்.

சொற்கிடங்கு எழுதியது:

அக்கா, உங்கள் அகராதி பொய் சொல்லவில்லை. அது சொன்னது ஆய்வுக்கூடத்து அர்த்தம். மிளகாய், மிளகு, இஞ்சி தரும் எரிச்சலை உணவு விஞ்ஞானிகள் ‘பஞ்சன்சி’ என்றுதான் எழுதுவார்கள். நம் அறுசுவையை ஆங்கிலத்தில் விளக்குகிறவர்களும் கார்ப்புக்கு அதே சொல்லைப் போடுவதால் அகராதியிலும் அது உட்கார்ந்துவிட்டது.

ஆனால் கடைக்குப் போகிற சாதாரண ஆங்கிலேயருக்கு ‘பஞ்சன்ட்’ என்றதும் முதலில் மூக்குதான் நினைவுக்கு வரும். நாள்பட்ட சீஸ், நறுக்கிய வெங்காயம், அம்மோனியா. மூக்கில் போய்க் குத்துகிற வாடை. லத்தீனில் ‘குத்து’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த சொல் இது. நம் ஊரில் சைக்கிள் டயருக்கு ஆகும் ‘பங்ச்சர்’ இருக்கிறதே, அதுவும் அதே வேர்தான். அதனால் பூண்டு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘பஞ்சன்ட்’ வந்தால் அந்த அம்மா அப்படிக் கேட்டது இயல்பு. அவர் மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை.

‘ஹாட்’ என்று போடுங்கள். மிளகாய்க் காரத்துக்கு அதுதான் நேரான சொல்.

தஞ்சை வாசகன் எழுதியது:

‘ஹாட்’ என்றால் சூடு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? ‘ஸ்பைசி’ போதாதா?

சொற்கிடங்கு எழுதியது:

பாட்டிலில் இருக்கும் ஊறுகாயைச் சூடு என்று யாரும் நினைக்க மாட்டார்கள், அங்கே குழப்பம் வராது. சாப்பாட்டு மேஜையில்தான் வரும். அப்போது ஆங்கிலம் பேசுகிறவர்களே, “ஹாட்-ஹாட்டா, ஸ்பைசி-ஹாட்டா?” என்று திருப்பிக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வார்கள். சூடு, காரம் என்று நமக்கு இரண்டு தனிச் சொற்கள் இருப்பதால் இந்தச் சிக்கலே இல்லை.

‘ஸ்பைசி’க்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று மிளகாய்க் காரம். இன்னொன்று பட்டை, கிராம்பு, ஏலக்காய் போன்ற மசாலா மணம். இரண்டாவதை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘ஸ்பைஸ்ட்’ என்பார்கள். நம் மசாலா டீ அவர்களுக்கு ‘ஸ்பைஸ்ட் டீ’. அதையே ‘ஸ்பைசி டீ’ என்றால் மிளகாய் போட்ட டீயோ என்று யோசிப்பார்கள். சொல்லின் முடிவு மாறியதில் மிளகாய் உள்ளே வந்துவிடுகிறது.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

‘ஹாட்’ பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வகுப்பில் இதைச் சொல்லும் நாளுக்காகக் காத்திருப்பேன்.

மிளகாயில் இருக்கும் கேப்சைசின் நாக்கிலுள்ள சுவை மொட்டுகளைத் தொட்டு ‘காரம்’ என்ற சுவையை உண்டாக்குவதில்லை. நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது திறந்துகொண்டு ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சேதி அனுப்பும். கேப்சைசின் வந்து ஒட்டினாலும் அதே புரதம் திறக்கிறது, அதே சேதிதான் போகிறது. 1997-ல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது. 2021-ல் மருத்துவ நோபல் பரிசை அவரும் ஆர்டெம் படபூட்டியனும் பகிர்ந்துகொண்டார்கள். குளிரை உணரும் இன்னொரு புரதத்தைப் புதினாவிலுள்ள மென்தால் திறக்கிறது. அதனால்தான் புதினா மிட்டாய் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் ஜில்லென்று இருக்கிறது.

ஆக, காரத்தை ‘ஹாட்’ என்று சொன்ன ஆங்கிலேயர்கள் புரதம் எதையும் அறியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். நாமும் ‘வாய் எரிகிறது’ என்றுதானே சொல்கிறோம்!

உறைப்பு எழுதியது:

வணக்கம் அக்கா. என் பெயரிலேயே விடை இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் காரம் என்று சொல்வது குறைவு, ‘கறி நல்ல உறைப்பு’ என்றுதான் கதைப்போம்.

நான் கொழும்பில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் சுவை பார்க்கும் பிரிவில் வேலை செய்தவன். எங்கள் மேசையில் ‘பஞ்சன்ட்’ என்றால் பெரிய பாராட்டு. சர்வதேச அளவுமுறைப்படி 100 மில்லிக்கு 2 கிராம் இலை போட்டு, கொதிநீர் ஊற்றி, 6 நிமிஷம் மூடி வைத்து வடிப்பார்கள். ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கப் படவிட்டு, துப்பிவிடுவோம். கசப்பு இல்லாமல், முரசுக்கும் (பல் ஈறுக்கும்) கன்னத்துக்கும் ஒரு இறுக்கம் வந்து, தேத்தண்ணி உயிர்ப்பாக நின்றால் ‘பஞ்சன்ட்’ என்று குறிப்போம். காரமும் இல்லை, வாடையும் இல்லை. தமிழில் சொன்னால் நல்ல துவர்ப்பு.

‘ஃப்ளேவர்’ என்ற சொல்லையும் அங்கே சும்மா பாவிக்க மாட்டோம். எல்லாத் தேயிலைக்கும் ருசி இருக்கும். ‘ஃப்ளேவரி’ என்ற சொல் மலைநாட்டுத் தேயிலைக்கு, அதுவும் அதன் காலத்தில்தான் கிடைக்கும். ஊவாப் பகுதிக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை, திம்புளப் பகுதிக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. காய்ந்த காற்று வீசுகிற அந்த வாரங்களில் வடித்த ஊவாத் தேத்தண்ணியின் மணம் வாய்க்குள் இருந்து மூக்குக்கு ஏறும். அதை ஒரு தரம் அனுபவித்தால் ‘டேஸ்ட்’ வேறு, ‘ஃப்ளேவர்’ வேறு என்பது தானாக விளங்கும்.

தொக்குச்சட்டி எழுதியது:

ஒரே சொல் லண்டன் அம்மாவுக்கு வாடை, விஞ்ஞானிக்குக் காரம், தேயிலைக்காரருக்குத் துவர்ப்பு. தனியாக அகராதியை வைத்துக்கொண்டு நான் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. மிக்க நன்றி தம்பி.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். ‘டேஸ்ட்’டும் ‘ஃப்ளேவ’ரும் ஒன்று என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

இதற்கு விளக்கத்தைவிடச் சோதனை நல்லது. ஓர் ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிட்டாயை வாயில் போட்டுச் சப்புங்கள். இனிப்பு தெரியும், கொஞ்சம் புளிப்பு தெரியும். அவ்வளவுதான். ஆரஞ்சா, எலுமிச்சையா, அன்னாசியா என்று சொல்லவே முடியாது. இப்போது மூக்கை விடுங்கள்.

விட்ட நொடியில் உள்ளே வருகிறதே ஓர் ஆரஞ்சு, அது நாக்கில் இருந்ததில்லை. வாயின் பின்பக்க வழியாக மூக்குக்கு ஏறிய வாசனை அது. நாக்குக்குத் தெரிந்த இனிப்பும் புளிப்பும் ‘டேஸ்ட்’. அதோடு வாசனையும் சேர்ந்து நமக்குக் கிடைக்கும் முழு அனுபவம் ‘ஃப்ளேவர்’. காரத்தின் எரிச்சல், புதினாவின் ஜில் இவற்றையும் அந்தக் கணக்கிலேயே சேர்ப்பார்கள். சளி பிடித்தால் சாப்பாடு ருசிக்கவில்லை என்கிறோம். அப்போது நாக்கு நன்றாகத்தான் இருக்கும், மூக்குதான் அடைத்திருக்கும்.

பேச்சு வழக்கில் ஆங்கிலேயர்களும் இரண்டையும் கலந்துதான் பேசுவார்கள். ஆனால் எழுதும்போது, அதிலும் லேபிளில், வித்தியாசம் தெரியும்.

சொற்கிடங்கு எழுதியது:

ஆசிரியை சொன்னதோடு சொல்லின் கதையையும் சேர்த்துக்கொள்கிறேன். ‘ஃப்ளேவர்’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் மணம். ருசி என்ற பொருள் பிறகுதான் ஏறியது. ‘டேஸ்ட்’டோ பழைய பிரெஞ்சில் தொட்டுப் பார்ப்பதைக் குறித்த சொல். ஒன்று மூக்கிலிருந்தும் மற்றது விரலிலிருந்தும் கிளம்பி வாயில் வந்து சந்தித்திருக்கின்றன. நம் ‘நாற்றம்’ வேறு பக்கம் போய்விட்டது. ஒரு காலத்தில் பூவின் நறுமணத்துக்கும் அதுதான் சொல், இன்று சாக்கடைக்கு மட்டும்.

தொக்குச்சட்டி எழுதியது:

இப்போதுதான் என் மகளை வைத்துச் செய்து பார்த்தேன். கண்ணை மூடச் சொல்லி, மூக்கைப் பிடித்து, மிட்டாயை வாயில் போட்டேன். “என்ன மிட்டாய்?” என்றால் “சர்க்கரை” என்றாள். விட்டதும், “ஐயோ அம்மா, ஆரஞ்சு!” என்று கத்தினாள். அப்புறம் அவளே அடுப்படிக்குப் போய்ச் சீரகம், ஏலக்காய், என் தொக்கு என்று ஒவ்வொன்றாக மூக்கைப் பிடித்துக்கொண்டு ருசி பார்த்தாள். மூக்கைப் பிடித்தால் தொக்கில் உப்பும் புளிப்பும் எரிச்சலும் மட்டும்தான். பூண்டு காணாமல் போய்விடுகிறது!

அப்படியென்றால் ‘கார்லிக் ஃப்ளேவர்’ என்று போட்டால் சரியா?

லேபிள் கணேசன் எழுதியது:

வேண்டாம் அக்கா! உணவுப் பொருள் பேக்கிங் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லேபிளில் ‘ஃப்ளேவர்’, ‘ஃப்ளேவர்ட்’ என்று பார்த்ததும், உண்மையான பொருள் இல்லை, எசென்ஸ் போட்டிருக்கிறார்கள் என்றுதான் வாங்குபவருக்குத் தோன்றும். நம் நாட்டு பிஸ்கட், ஐஸ்கிரீம் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், ‘கன்டெயின்ஸ் ஆடட் ஃப்ளேவர்’ என்று பொடி எழுத்தில் இருக்கும்.

அமெரிக்காவில் வனிலா ஐஸ்கிரீமுக்கு இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். செயற்கை மணம் எதுவும் இல்லாவிட்டால் ‘வனிலா’. இரண்டும் கலந்திருந்து, இயற்கை வனிலா மேலோங்கி இருந்தால் ‘வனிலா ஃப்ளேவர்ட்’. செயற்கை மேலோங்கினால் ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்று வெளிப்படையாகப் போட வேண்டும். ‘ஃப்ளேவர்ட்’ என்ற ஒரு சொல் வந்தாலே ஒரு படி இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

நீங்கள் உரித்து வதக்குவது பூண்டு. ‘கார்லிக் தொக்கு’ என்று நிமிர்ந்து போடுங்கள். ருசியைச் சொல்ல வேண்டுமானால் ‘கார்லிக்கி’ என்று ஒரு சொல் இருக்கிறது, ஆங்கிலேயர்கள் விரும்பியே சொல்வார்கள்.

வனிலா எசென்ஸ் வீட்டில் இருந்தால் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பாருங்கள். கசக்கும். நாம் ‘வனிலா ருசி’ என்று நினைப்பது முழுக்க முழுக்க வாசனை.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

இழையை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘டேஸ்ட்ஃபுல்’ என்பதையும் இங்கே பதிந்து வையுங்கள். எத்தனையோ மாணவர்கள், “தி ஃபுட் வாஸ் வெரி டேஸ்ட்ஃபுல்” என்று எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். சாப்பாட்டுக்கு அது வரவே வராது. நல்ல ரசனையோடு அமைத்த வீடு, உடை, அலங்காரம் இவற்றுக்குத்தான் வரும். சாப்பாட்டுக்கு ‘டேஸ்டி’. ‘டேஸ்ட்லெஸ்’ மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும்: ருசியில்லாத கஞ்சிக்கும் சொல்லலாம், முகம் சுளிக்க வைக்கும் பேச்சுக்கும் சொல்லலாம்.

தமிழில் ‘டேஸ்டா இருக்கு’ என்று நாம் பேசிப் பழகியதால் ஆங்கிலத்திலும் “இட் இஸ் வெரி டேஸ்ட்” என்று வந்துவிடுகிறது. ‘டேஸ்ட்’ பெயர்ச்சொல், அல்லது வினை. “இட் டேஸ்ட்ஸ் குட்” என்று வினையாக்கிச் சொன்னால் போதும்.

தொக்குச்சட்டி எழுதியது:

என் பழைய லேபிள் ஒன்றில் ‘டேஸ்ட்ஃபுல் பிக்கிள்’ என்றே இருக்கிறது ஐயா. மாற்றிவிடுகிறேன்.

அடுத்தது மாங்காய்த் தொக்கு. புளிப்புக்கு ‘சவர்’ என்று போடலாம் அல்லவா?

சொற்கிடங்கு எழுதியது:

போடலாம், ஆனால் அதைவிட நல்ல சொல் இருக்கிறது. புளிப்புக்கு ஆங்கிலத்தில் ஒரு கூட்டமே உண்டு. ‘சவர்’ பொதுச்சொல். எலுமிச்சைக்கும் வரும், கெட்டுப்போன பாலுக்கும் வரும். ‘தி மில்க் ஹேஸ் கான் சவர்’ என்றால் கொட்டிவிட வேண்டியதுதான். ‘டார்ட்’ பெரும்பாலும் பழங்களுக்கு, பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுகிற மாதிரி, சுத்தமான கூரான புளிப்பு. ‘டேங்கி’ என்பது வேறு ருசிகளோடு சேர்ந்து நாக்கைச் சப்புக்கொட்ட வைக்கும் புளிப்பு. ‘அசிடிக்’ ரசாயனச் சாயல் உள்ளது, லேபிளுக்கு ஆகாது. ஆனால் காப்பியைத் தரம் பார்க்கிறவர்கள் ‘அசிடிட்டி’யைக் குணமாகவே மதிப்பெண் போட்டுக் கணக்கிடுவார்கள்.

‘டேங்’ என்பதன் பழைய பொருள் கூர்முனை. கத்தியின் இரும்பில் மரப்பிடிக்குள் செருகியிருக்கும் முனை இருக்கிறதே, அதற்கு இன்றைக்கும் ஆங்கிலத்தில் ‘டேங்’ என்றுதான் பெயர். ‘டார்ட்’டும் பழைய ஆங்கிலத்தில் வலியையும் கடுமையையும் குறித்த சொல். ‘பஞ்சன்ட்’ குத்துகிறது என்று முன்பே பார்த்தோம். நாக்கில் கூர்மையாகப் பட்ட எல்லாவற்றுக்கும் ஊசி, கத்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் ‘சுருக்கென்று இருக்கிறது’ என்கிறோமே, அதுவும் முள் குத்தும் ஓசைதான்.

மாங்காய்த் தொக்குக்கு ‘டேங்கி’. யோசிக்கவே வேண்டாம்.

தஞ்சை வாசகன் எழுதியது:

பார்க்கப் பார்க்க ஒரு வருத்தம் வருகிறது. புளிப்புக்கு மட்டும் அவர்களிடம் நான்கு சொல். நம்மிடம் புளிப்பு என்று ஒன்றுதானே? தமிழ் இந்த விஷயத்தில் ஏழை என்றுதான் எனக்குப் படுகிறது.

சொற்கிடங்கு எழுதியது:

நண்பரே, இதை நான் முழுமனதோடு மறுக்கிறேன். நம் மொழி அந்த வேலையை வேறு இடத்தில் செய்கிறது.

‘மோர் புளிக்கிறது’ என்றால் செய்தி. ‘மோர் புளித்துப்போய்விட்டது’ என்றால் குறை. ‘போ’ என்ற துணைவினை ஒட்டியதும் அது கெட்டுவிட்டது. ஆங்கிலம் இதற்குச் சொல்லையே மாற்றுகிறது, நாம் வினையின் வாலை மாற்றுகிறோம். அப்புறம் நம்முடைய ஒலிக்குறிப்புச் சொற்கள்: சுள்ளென்று, சுரீரென்று, சப்பென்று, கமகமவென்று. ‘ரசம் சுள்ளென்று இருந்தது’ என்பதை மொழிபெயர்க்க நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே சொல்லில் வரவில்லை.

சப்பென்று இருப்பதற்கு அவர்களிடம் ‘ப்ளாண்ட்’, ‘மைல்ட்’ என இரண்டு உண்டு. ‘மைல்ட்’ பாராட்டு, காரம் குறைவாக இதமாக இருக்கிறது என்று. ‘ப்ளாண்ட்’ குறை, வைத்தியர் சொல்லும் பத்தியச் சாப்பாட்டுக்கு மட்டும் குறையில்லாமல் வரும். தொக்குச்சட்டி அக்கா, குழந்தைகளுக்கென்று காரம் குறைத்துச் செய்தால் ‘மைல்ட்’ என்று போடுங்கள். மறந்தும் ‘ப்ளாண்ட்’ வேண்டாம்.

உறைப்பு எழுதியது:

சொற்கிடங்கு அண்ணை சொன்னதோடு ஒன்று. துவர்ப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பாக்கு, நெல்லிக்காய், வாழைப்பூ, பழுக்காத வாழைப்பழம் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆங்கிலத்தில் அதற்குரிய ‘ஆஸ்ட்ரின்ஜன்ட்’ படித்தவர்களின் சொல். சாதாரண ஆட்கள் “வாய் காய்கிறது”, “வாய் சுருங்குகிறது” என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். என்னோடு வேலை பழக வந்த ஆங்கிலேயப் பெடியன் ஒருவன் முதல் மாதம் முழுக்கத் துவர்ப்பையும் கசப்பையும் ‘பிட்டர்’ என்றே எழுதிக்கொண்டிருந்தான். நாக்கு அவனுக்கு நல்ல நாக்கு. பிரித்துச் சொல்லச் சொல் கிடைத்த பிறகு பிழை விடவேயில்லை.

உயிரியல் ஆசிரியை எழுதியது:

உண்மை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் புளிப்பைக் கசப்பு என்று சொல்லிவிடுவது சுவை ஆய்வுகளில் நன்கு தெரிந்த குழப்பம், அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். துவர்ப்பைப் பொறுத்தவரை இன்னொரு சுவாரசியம்: விஞ்ஞானிகள் பலர் அதைச் சுவை என்றே கணக்கெடுப்பதில்லை. தேயிலையிலும் பாக்கிலும் இருக்கும் டானின், எச்சிலிலுள்ள வழுவழுப்பான புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்பு போனதும் நாக்கு கன்னத்தில் உரசுகிறது. அதனால் அதைத் தொடு உணர்வு என்கிறார்கள்.

தொக்குச்சட்டி எழுதியது:

எத்தனை விஷயம்! கடைசியாகப் பருப்புப் பொடி. மிட்டாய்க் கடைப் பலகையில் ‘ஸ்வீட்ஸ் அண்ட் சேவரீஸ்’ என்று இருக்குமே, அந்த ‘சேவரி’ இதற்கு வருமா? ‘நட்டி’ என்றும் யோசித்தேன்.

லேபிள் கணேசன் எழுதியது:

‘நட்டி’ வேண்டாம். வெளிநாட்டில் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் நிறைய. அந்தச் சொல்லைப் பார்த்ததுமே கீழே வைத்துவிடுவார்கள். ‘ரோஸ்டெட் லென்டில்’ என்று உள்ளதை உள்ளபடி போடுங்கள். வறுத்த மணம் ‘ரோஸ்டெட்’டிலேயே வந்துவிடும்.

சொற்கிடங்கு எழுதியது:

‘சேவரி’ தாராளமாக வரும். பிரிட்டனில் அதன் முதல் பொருள் ‘இனிப்பு அல்லாதது’, நம் மிட்டாய்க் கடைப் பலகையில் இருப்பதும் அதேதான், முறுக்கும் மிக்சரும். அமெரிக்காவில் சூப், இறைச்சிச் சாறு மாதிரி வாயில் நிறைந்து நிற்கும் சுவைக்கு அதிகம் சொல்வார்கள். 1908-ல் கிகுனே இகெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதன் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்தாரே, அதையும் ஆங்கிலத்தில் ‘சேவரி’ என்று விளக்குவதுண்டு.

‘சேவர்’ என்று வினையாக வந்தால் அவசரப்படாமல் ரசித்து உண்பது. அதற்கு மூலமான லத்தீன் வினைக்குச் சுவைத்தல், அறிவுடன் இருத்தல் என்று இரண்டு பொருளும் உண்டு.

தொக்குச்சட்டி எழுதியது:

சரி, எழுதிவிட்டேன். பாருங்கள்.

பூண்டுத் தொக்கு: ‘ஹாட் அண்ட் கார்லிக்கி.’
மாங்காய்த் தொக்கு: ‘டேங்கி, மீடியம் ஹாட்.’
பருப்புப் பொடி: ‘எ சேவரி ரோஸ்டெட் லென்டில் பவுடர். மைல்ட்.’

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம். மாமியார் கைப்பக்குவத்தில் உப்பு நார்த்தங்காயும் போடப் போகிறேன். அதில் கசப்புதான் அழகே. ‘பிட்டர்’ என்று போட்டால் வாங்குவார்களா?

உறைப்பு எழுதியது:

பயப்படாமல் போடுங்கள் அக்கா. பிரிட்டனில் ஜனவரியில் செவில் ஆரஞ்சு வந்ததும் வீட்டில் மார்மலேட் என்கிற ஆரஞ்சு ஜாம் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். கசப்புக்காகவே அந்த ஆரஞ்சைத் தேடி வாங்குவார்கள். ‘பிட்டர் சிட்ரஸ், க்யூர்ட் இன் சால்ட்’ என்று எழுதினால் அவர்களுக்கு உடனே விளங்கும்.

தொக்குச்சட்டி எழுதியது:

அப்படியே போடுகிறேன் தம்பி. முதல் பாட்டில் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குத்தான். நாத்தனாரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.